சுகிர்தத்தின் பிடியரிசி

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணியடிக்கிறவன் நான். பெயர் ஏசடியான். மணியடிப்பதோடு விட்டால் தேவலை. பெருக்குவது, பாய் விரிப்பது, நற்கருணைக் கிண்ணம் துலக்குவது, ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளை வேப்பமரத்தடியில் ஏலம் போடுவது எல்லாம் என் தலையில்தான். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். கோயில் என்றதும் நீங்கள் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. எங்களுடையது ஓடு போட்ட கட்டடம், வாசலில் ஒரு மணிக்கூண்டு, பின்னால் மலை. எங்கள் குருவானவரை ஐயர் என்போம். பூணூல் ஐயர் இல்லை, வெள்ளை அங்கி ஐயர்.

சுகிர்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் பிடியரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலை வைத்து அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். அது ஆண்டவருக்கு. வீட்டில் அரிசி கம்மியாக இருக்கிற நாளிலும் பிடி விழும், பிடிதான் கொஞ்சம் சின்னதாகும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கலயத்தைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் கூடையில் கொட்டுவார்கள். பச்சையும் புழுங்கலும் சிவப்பும் வெள்ளையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். அதை நான் ஏலம் போடுவேன், வருகிற பணம் கிராமத்தில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார்களின் சம்பளத்துக்குப் போகும்.

மற்றப் பெண்கள் கொண்டுவருவது கையளவு கலயம். சுகிர்தம் கொண்டுவருவது பித்தளைத் தவலை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி ஜெபத்தில் நடுவழியே நடந்து வந்து, பீடத்தின் முன்னால் ணங்கென்று வைப்பாள். கண் மூடியிருக்கிறவன் எல்லாம் திறந்துவிடுவான். கோயிலில் அத்தனை சத்தம் போட எனக்கு ஒருவனுக்குத்தான் உரிமை என்று நினைத்திருந்தவன் நான். பற்றிக்கொண்டு வரும். ஆனால் யார் என்ன சொல்ல முடியும்? ஐயரே பிரசங்கத்தில் அவளைக் காட்டி, "ஒரு விதவை, சொந்தமா ஒரு காணி நிலம் கெடையாது, அவங்க குடுக்கறதப் பாருங்க" என்று சபையாரைக் கடிந்துகொள்வார். அவள் முன்வரிசைப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். அப்பன் ஒரு நிலக்காரரிடம் படிநெல்லுக்கு உழைக்கிற படியாள். கட்டிக்கொடுத்த இடம் தங்கவயல். புருஷன் சுரங்கத்தில் இறங்கின ஒரு நாள் மேலே வரவில்லை. இடுப்பில் ஒரு பையனோடு இங்கே வந்து சேர்ந்தாள். எங்கள் பெண்பிள்ளைகளின் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு ஆள் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள். அங்கேயே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை, அங்கேயே சாப்பாடு. வேலையில் குறை சொல்ல முடியாது. அண்டா அண்டாவாக வடிப்பாள், குழம்பு வாசனை எங்கள் மணிக்கூண்டு வரைக்கும் வரும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மாள் என்கிறவள், பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்காக இரண்டு தேங்காய் கொண்டுவந்து ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தாள். எங்களில் அது வழக்கம். நன்மை நடந்தால் ஏதாவது ஒன்றைப் பீடத்தில் வைத்து, இன்ன காரியத்துக்காக இன்னார் ஸ்தோத்திரம் செலுத்துகிறார் என்று ஐயரை வாசிக்கச் சொல்வோம். ஏலத்தில் அந்தத் தேங்காயை நான் தூக்கிப் பிடித்தபோது சுகிர்தம் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீ இதுமாதிரி ஒரு நாளும் வெச்சதில்லையே, சுகிர்தம்? பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணானே, அதுக்காச்சும் ஒரு எலுமிச்சம்பழம் வெக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? வேல செஞ்சவனுக்குக் கூலி குடுத்தா, அவன் கையெடுத்துக் கும்புடணுமா?"

"ஆண்டவரு உனக்கு இன்னா, மேஸ்திரியா?"

"மேஸ்திரி இல்ல. ஆனா என் கைய எத்தினி வாட்டி அரிசியில வெச்சேன்னு அவருக்குத் தெரியும். வரவேண்டியது வந்துது, அவ்ளோதான்."

அவள் இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். பையனுக்கு ட்ரெயினிங் பள்ளியில் இடம் கிடைத்தபோதும் "வரவேண்டியது" என்றுதான் சொன்னாள். தெருவில் போகிறவர்கள் "உன் புள்ள வாத்தியாராவப் போறானாமே" என்று சந்தோஷப்பட்டால், "பின்ன? சும்மாவா?" என்பாள்.

பையன் பெயர் தேவநேசன். நேசன் என்று கூப்பிடுவோம். அம்மாவுக்கு நேர் எதிர். மணிக்கயிற்றை ஒரு தரம் இழுக்கக் கொடுத்தால்கூட "தாங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை. அம்மா தவலையோடு நடந்து வரும்போது தலையைக் குனிந்துகொள்வான். எனக்குப் பிள்ளை கிடையாது, அவனைப் பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் லீவுக்கு வந்தவன் இருமிக்கொண்டே வந்தான். வெயிலில் வந்தது, தண்ணீர் மாறினது என்று சுகிர்தம் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு காலையில் பல் விளக்கப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், கீழே மண்ணில் ரத்தம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காசநோயில் இரண்டு பக்க நுரையீரலும் போயிருக்கிறது என்றார். சானடோரியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இடம் காலியானால் கூப்பிடுவார்கள், அதுவரைக்கும் ஊசி போடலாம், பிள்ளைகள் இருக்கிற போர்டிங்கில் வைத்திருக்கக் கூடாது என்றார். தாமரைக்குளத்துப் பக்கம் கண்ணாயிரம் என்கிற வண்டிக்காரர், தம் வீட்டுக் கோடியில் ஓர் அறையைக் கொடுத்தார். இந்த வியாதிக்காரனுக்கு ஊரில் வேறு எவனும் கொடுக்கமாட்டான். சுகிர்தம் அவருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

அப்போதிலிருந்து மத்தியானம் சமையல் முடிந்ததும் அவள் கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். முழங்கால் போடமாட்டாள். பீடத்துக்கு நேராக இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் கிண்ணம் துலக்கிக்கொண்டு இருப்பேன், நான் அங்கே இருப்பதே அவள் கண்ணில் படாது.

"இத்தினி வருஷத்துல ஒரு வேளயாச்சும் தவறி இருக்கனா? காச்சல்ல படுத்திருந்தப்பக்கூட எழுந்து வந்து பிடி எடுத்தேனே! புருஷன எடுத்துக்கினீங்க, சரின்னு உட்டேன். இவன மட்டும் உட்டுடுங்க. தர்மமா இது எனக்கு வரணும். வேற எதனா கேட்டனா? இந்த ஒண்ணுதான் கேக்கறேன். இல்லாங்காட்டி இத்தினி நாளு நான் குடுத்ததுக்கு இன்னா அர்த்தம்?"

எனக்கு உடம்பெல்லாம் கூசும். கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று தோன்றும். ஆனால் நேசனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளில் நானே அப்படித்தான் பேச வேண்டும் போல இருக்கும்.

வைகாசி போய் ஆனியானது. சானடோரியத்திலிருந்து கூப்பிடவில்லை. ஊசி போட்ட இடமெல்லாம் கட்டிக்கொண்டு பையன் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தான். சுகிர்தத்தின் தவலை மட்டும் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு கையால் அள்ளினவள் இப்போது இரண்டு கையையும் சேர்த்து அள்ளுகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. அவளுடைய அரிசி ஒரே ரகமாக இருப்பதால் கூடையில் கலக்காமல் தனியாகவே ஏலம் போடுவேன். அது எங்கிருந்து வருகிறது என்று எங்கள் சபையில் யாருக்கும் தோன்றவில்லை. தவலையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

போர்டிங் வார்டன் ஜோதியம்மாள் அந்தச் சமயம் பைத்தியம் பிடித்தாற்போல் இருந்தாள். மாசக் கடைசி வருமுன்பே அரிசி மூட்டை தரை தட்டிவிடுகிறது. எலி என்று பூனை வளர்த்துப் பார்த்தாள். வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டுத் திட்டித் தீர்த்தாள். ஆடியில் வண்டு வேறு சேர்ந்துகொண்டது. பிள்ளைகளின் கிழிந்த நீல யூனிபாரத் துணியில் வசம்புத் துண்டுகளைச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். அப்படியும் அரிசி குறைந்தது. பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு கஞ்சியாயிற்று, கஞ்சியும் நீர்த்துப்போயிற்று. கடையில் வாங்கக் கட்டுப்படியாகாமல், கோயில் ஏலத்தில் மலிவாகக் கிடைக்குமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு வந்து நின்றாள். சுகிர்தத்தின் தவலை அரிசியை அவள்தான் எடுத்தாள்.

நான் தவலையைச் சாய்த்து அவள் சாக்கில் கொட்டினேன். அரிசியோடு அரிசியாக ஒரு நீலத்துணி முடிச்சு விழுந்தது.

ஜோதியம்மாள் அதை எடுத்தாள். மோந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அட ஏசுவே! என் புள்ளைங்க அரிசிய நானே ஏலத்துல எடுத்திருக்கேனே! சுகிர்தம், இங்க வா. இது இன்னா?"

சுகிர்தம் வந்து பார்த்தாள். கொஞ்சங்கூடப் பதறவில்லை.

"வசம்பு முடிச்சுங்க. அள்ளும்போது கைக்குள்ள வந்துடுச்சு போல."

"எங்க அள்ளும்போது?"

"உல வெக்கும்போதுதாங்க. இன்னாங்க இப்பிடி கேக்கறீங்க? பிடியரிசி எடுக்கறது வழக்கந்தானே?"

"வழக்கம்னா உன் வூட்டு அரிசியில எடுக்கணும்!"

"எனக்கேதுங்க வூடு? நான் ஆக்குற அடுப்பு அதுதானே? நான் வெக்கிற உலதானே?"

பெண்கள் கூடிவிட்டார்கள். அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த ஐயர் அரைகுறையாக அப்படியே வெளியே வந்தார். ஜோதியம்மாள் நல்ல மனுஷி, ஆனால் பசித்த பிள்ளைகளை மாசக்கணக்காகப் பார்த்தவள். சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அதுங்க வயித்துலருந்து அள்ளி இருக்கடி! ராத்திரி 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா'ன்னு கிண்ணத்த நீட்டுமே, அதுங்ககிட்டருந்து! அள்ளினது உன் கை, சரி. அரிசி யாருது? குடுத்தது அந்தப் புள்ளைங்க. நீ இல்ல!"

சுகிர்தம் தவலையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி தவலையைப் பார்த்தாள். திருடினோம் என்று பிடிபட்டவள் முகம் இல்லை அது. இத்தனை வருஷம் அவளுக்கு அது தோன்றவே இல்லை, இதை நான் எந்த வேதப்புத்தகத்தின் மேலும் கைவைத்துச் சொல்வேன். வீட்டில் பெண்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்தாள். தன் வீடு எது, தன் அரிசி எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வீடும் இருந்ததில்லை, அரிசியும் இருந்ததில்லை.

மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்ப... நான் ஒண்ணுமே குடுக்கலியா?"

ஜோதியம்மாளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு பிடிகூடவா குடுக்கல?"

ஐயர் கிட்டே வந்து குனிந்தார். "சுகிர்தம், ஆண்டவர் அரிசிய வாங்கிக்கினு அதுக்குப் பதிலா பிள்ளைய..."

"அதான் அவரு காதுல வாங்கல," என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள். "நான் எந்த மூஞ்சோட கேட்டேன்! அத்தினி நாளு இடுப்புல கைய வெச்சிக்கினு கேட்டனே!" தவலையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அந்தத் தவலை இன்றைக்கும் எங்கள் கோயில் பண்டக அறையில்தான் கிடக்கிறது.

ஜோதியம்மாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அரிசி மூட்டை இருக்கிற அறையின் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஆனால் மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு சின்னப் பெண், கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டிருக்கிறது: "ஆயா, எங்க சோத்த ஆண்டவரு துன்னாரா?" சுகிர்தம் கரண்டியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அங்கே இங்கே நெல் குத்திக் கொடுத்து, பாத்திரம் தேய்த்து, பையனுக்குக் கஞ்சி காய்ச்சினாள். கோயிலுக்கும் வருவதில்லை. மத்தியானத்தில் நான் கிண்ணம் துலக்கும்போது பீடத்துக்கு முன்னால் வெறும் தரைதான் இருந்தது. அந்தச் சண்டையே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஐப்பசியில் ஐயர் நேசனுக்கு நற்கருணை கொடுக்கப் போனார். அப்பமும் ரசமும் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பையன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். கண் மட்டும்தான் பழைய நேசன். எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடியே வாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றான். சுகிர்தம் உள்ளே வரவில்லை, வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீயும் வாம்மா," என்றான்.

"நான் எதுக்குடா? உங்கம்மா திருடிடா. நான் ஒழுங்கா குடுத்திருந்தா நீ பொழச்சிருப்ப."

"அப்பிடி இல்லம்மா." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ குடுக்கலன்னு அவரு என்ன எடுக்கல. நீ குடுத்தேன்னு என்ன உனக்குக் குடுக்கவும் இல்ல. சும்மாதாம்மா குடுத்தாரு. நீ கேக்கவே இல்லியே, நான் பொறந்தப்ப."

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "சும்மா குடுத்தவரு எதுக்குடா சும்மா இருக்க மாட்டேங்கறாரு? எதுக்குடா திரும்பக் கேக்கறாரு?"

நேசன் "தெரியலம்மா," என்றான். ஐயர் ஏதாவது சொல்வார் என்று நான் அவரைப் பார்த்தேன். அவரும் குனிந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் "இன்னாங்கய்யா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன். "எனக்கும் தெரியலப்பா," என்றார்.

கார்த்திகை தீபத்தன்று நேசன் போனான். ஊரில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. செங்கம் ரோடெல்லாம் ஜனம். காலையிலிருந்தே அவனுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம், கதவைத் திறந்து வை, மலையைப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டினான். சுகிர்தம் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே ஒரே குரலில் அரோகரா என்று கத்தியது. அந்தச் சத்தத்தில் அவன் கடைசி மூச்சு அவளுக்குக் கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும் குனிந்து பார்த்திருக்கிறாள், முடிந்திருந்தது. பின்னால் ஒரு நாள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "ஊருக்கெல்லாம் அவ்ளோ சந்தோஷம், என் புள்ளைக்கு ஒரு மூச்சு இல்ல பாருண்ணே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கண்ணாயிரம் தம் வண்டியிலேயே சவப்பெட்டியை ஏற்றினார். கிரிவலம் முடித்துத் திரும்புகிற கூட்டத்துக்குள் வண்டி நகரவே இல்லை. யாரோ நாலு பேர் முன்னால் நடந்து வழிவிடச் சொன்னார்கள், ஜனம் ஒதுங்கிக் கும்பிட்டது. நான் மணியடித்தேன். சாவுக்கு ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கயிற்றை ஆசையாக இழுத்த பிள்ளை அவன். யார்மேல் கோபம் என்று கேட்டால் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்.

குழியில் மண் தள்ளின அன்றைக்கே சுகிர்தம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். அங்கே கடலை பிடுங்குகிற நேரம். நிலக்காரர்கள் செடியைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, மண்ணுக்குள் அறுந்து நிற்கிற கடலையை ஏழைபாழைகள் களைக்கொத்தால் கிண்டிப் பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். நாள் முழுக்கக் குனிந்தால் ஒரு முறம் தேறும். அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள் என்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

மாசியில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிற நாள். கரும்பும் வாழையும் கட்டி, பூசணியும் சேவலும் நெல்லுமாகப் பீடத்தைச் சுற்றிக் குவிந்துவிட்டது. ஐயர் ஒவ்வொரு காணிக்கையாக வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில், எல்லாரும் உட்கார்ந்த பிறகு, சுகிர்தம் நடுவழியே வந்தாள். நான் பழக்கத்தில் அந்த ணங்கென்ற சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இடுப்பில் ஒன்றும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி வேர்க்கடலையைப் பீடத்துப் படியில் வைத்தாள். சத்தமே வரவில்லை.

"எதுக்காகன்னு வாசிக்கணும், சுகிர்தம்?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார்.

"நேசனுக்காகங்கய்யா."

"நேசன் ஞாபகார்த்தமா..."

"ஞாபகார்த்தம் இல்லீங்க. ஸ்தோத்திரம்னு வாசிங்க."

சபையில் ஒரு சலசலப்பு. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று எனக்கே தோன்றியது. அவள் படியில் இருந்த கடலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இது என்னுது இல்லீங்கய்யா. எவரோ வெதச்சாங்க, எவரோ புடுங்கினாங்க. மண்ணுல உட்டுட்டுப் போனது எனக்குக் கெடச்சுது. கூலியும் இல்ல, பாக்கியும் இல்ல. அவனும் அப்பிடித்தான் எனக்குக் கெடச்சான். நான் பெருசா உரிமப்பட்டவ மாதிரி வெச்சிக்கினு இருந்தேன். அவன் இருந்த அத்தினி நாள்ல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இவனக் குடுத்தீங்களேன்னு நான் சொல்லலியே! அவன் காதுல வுழற மாதிரி சொல்லலியே! இப்ப சொல்றேன், கேக்க அவன் இல்ல."

அங்கேயே விழுந்து கதறினாள். ஜோதியம்மாள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஐயர் வாசித்தார்: "தேவநேசனுக்காக, அவனுடைய தாய் சுகிர்தம் ஸ்தோத்திரம் செலுத்துகிறாள்."

அன்றைக்கு ஏலத்தில் அந்தக் கடலைக்கு நான் விலை கேட்கவில்லை, தனியாக ஒதுக்கி வைத்தேன். ஜோதியம்மாள் வந்து, "குடுண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது, சுகிர்தத்துக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஐயர் வேண்டுமானால் பிரசங்கத்தில் அப்படி முடிப்பார். அவளுக்கு ஆறுதல் வரவில்லை. தலை சீக்கிரம் நரைத்தது, முதுகு வளைந்தது, பேச்சு குறைந்துபோயிற்று. ஒவ்வொரு தீபத்தன்றும் சாயங்காலம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு மாசியிலும் முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு வருவாள். அதே வரியை வாசிக்கச் சொல்வாள்.

அறுபத்தாறில் ஒரு மழையும் இல்லை. கடலைச் செடி காட்டிலேயே கருகிவிட்டது. பிடுங்கவும் ஒன்றுமில்லை, பொறுக்கவும் ஒன்றுமில்லை. அந்த மாசியில் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். நடந்தே வந்திருந்தாள், காலெல்லாம் புழுதி. பீடத்துக்கு முன்னால் நின்று வெறுங்கையை விரித்துக் காட்டினாள். ஐயர் வழக்கம்போல வாசித்தார்.

ஆராதனை முடியும் முன்பே வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருப்பண்ணே" என்று வாங்கிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் சுகிர்தம், உனக்கு அவருமேல கோவமே வரலியா? எனக்கு இன்னும் ஆறலம்மா. மணியடிக்கறேன், பெருக்கறேன், எல்லாம் செய்யறேன். ஆனா ஆறல."

தண்ணீரை முழுசாகக் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு மட்டும் ஆறிடுச்சா? கோவத்தோடதாண்ணே சொல்றேன். கோவம் போனப்புறம் சொல்லலாம்னு இருந்தா, சொல்லாமயே செத்துடுவேன். அவன் இருந்தப்பதான் சொல்லாம உட்டுட்டேனே."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டேன், நடந்துவிடுவேன் என்றாள். உள்ளே ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற சத்தம் கேட்டது. நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.